கோப்பையைத் தள்ளி வைத்தோம், பீடியை நீட்டினோம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பீடி, சிகரட் பிடிக்கும் ஒருவர் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் பாடசாலையில் தரம் 10 இல் படிக்கும் ஒரு பிள்ளை போன தவணையில் அடிக்கடி வராமல் இருந்தான். விசாரித்தபோது, தகப்பனுக்குச் சுகமில்லை, வயலுக்கு இவன்தான் போகிறான் என்றார்கள். வீட்டுக்குப் போனோம். தகப்பன் திண்ணையில் சாய்ந்திருந்தார். தோள் எலும்பு தெரிந்தது. காசநோய். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். நாங்களும் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

அவர் இருமத் தொடங்கி எட்டு மாதத்துக்குப் பிறகுதான் வவுனியாவுக்குப் போய்ச் சளியைப் பரிசோதித்திருக்கிறார். ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டோம். "பீடி இருமல் எண்டுதான் சேர் எல்லாரும் சொன்னவை. நானும் அப்பிடித்தான் நினைச்சன். பனிக்குக் கூடும், பிறகு குறையும்" என்றார். அந்த 'எல்லாரும்' என்பதில் நாங்களும் இருக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் அவர் இருமியபோது, "அண்ணை, பீடியைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று சிரித்துக்கொண்டு சொன்னவர்கள் நாங்கள்தான்.

நோய் என்று தெரிந்த பிறகு ஊர் என்ன செய்தது? தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். கலியாண வீட்டுக்குச் சொல்லவில்லை. மகனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் யானைக் காவலுக்கு மீண்டும் போனபோது, காவல் கொட்டிலில் இருந்தவர்கள் அவருக்குப் பீடி நீட்டினார்கள். நித்திரை வராமல் இருக்க, குளிருக்கு, பழகிய தோழமைக்கு. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது போலிருந்ததால் குளிசையையும் விட்டுவிட்டார். நோய் திரும்பி வந்தது.

தொற்றாத கோப்பைக்குப் பயந்தோம். கொல்லுகிற புகையை அன்பாகக் கொடுத்தோம். இந்தத் தலைகீழ் எப்படி வந்தது என்பதைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு பழைய சரித்திரங்கள்

காசநோய் மிகப் பழையது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய மம்மிகளின் முதுகெலும்பிலேயே அதன் அடையாளம் கிடைத்திருக்கிறது. நம் முன்னோர் அதைச் சயரோகம் என்றார்கள், கசம் என்றார்கள். சயம் என்றால் தேய்தல். ஆளைத் தேய்த்துக்கொண்டே போவதால் அந்தப் பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இப்னு சீனா தமது மருத்துவ நூலில் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடியது என்று எழுதினார். நெடுங்காலம் ஐரோப்பாவில் பலர் இதைப் பரம்பரை நோய் என்றே நினைத்தார்கள். 1882 மார்ச் 24 ஆம் திகதி பேர்லினில் ரொபேர்ட் கொக் அதற்குரிய கிருமியைக் காட்டிய பிறகுதான் வாதம் ஓய்ந்தது. மார்ச் 24 இல் உலக காசநோய் தினம் வருவது அதனால்தான்.

புகையிலையின் சரித்திரம் அவ்வளவு பழையதல்ல. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492 இல் அங்கே போகும் வரை நம் பக்கத்தில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. பிறகு பரவிய வேகத்தைப் பாருங்கள். 1617 இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் புகைத்தலைத் தடை செய்தார். 1633 இல் உதுமானியச் சுல்தான் நான்காம் முராத் தடை செய்தார். நூற்றைம்பது ஆண்டுக்குள் பேரரசர்கள் தடுக்கப் பார்க்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. தடைகள் நிற்கவில்லை, புகையிலை நின்றது.

வடக்குக்கு அது வாழ்வு கொடுத்த பயிராகவும் ஆனது. யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. சுருட்டுக் கொட்டில்களில் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றியவர்களுக்கு ஒருவர் பத்திரிகை வாசித்துக் காட்டுவார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் அங்கே நாட்டு நடப்பும் கதையும் அரசியலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். புகையிலை விற்ற காசில் வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் நம் மண்ணில் ஏராளம். இதை மறைத்துவிட்டுப் புகையைத் திட்டினால் அது நேர்மையல்ல. நம்மை வளர்த்த பயிர் என்பதால்தான் அதன் தீங்கைப் பார்க்க நமக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

கடற்காற்றிலிருந்து சேத்துப்பட்டுக்கு

மருந்து இல்லாத காலத்தில் காசநோயாளருக்குக் கிடைத்த சிகிச்சை ஓய்வும் சாப்பாடும் நல்ல காற்றும்தான். அதற்கென்று சனட்டோரியங்கள் இருந்தன. நம் வடக்கில் காங்கேசன்துறையில் கடற்கரையை அண்டிக் காசநோய் வைத்தியசாலை ஒன்று இருந்தது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் அங்கே போனார் என்றால் ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இன்று தனிக் கோப்பை வைக்கும் பழக்கத்தின் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அப்போது அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது, ஏனென்றால் மருந்து இருக்கவில்லை.

1943 இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952 இல் ஐசோனியாசிட் வந்தது. ஆனால் ஏழை நாடுகளில் இத்தனை நோயாளரை வைத்திருக்கக் கட்டில் எங்கே? இதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. 1956 இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நெருக்கமான ஏழை வீடுகளில் வாழ்ந்த நோயாளரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சனட்டோரியத்தில் கட்டிலும் ஓய்வும் நல்ல உணவும் மருந்தும். மற்றப் பகுதியினருக்கு வீட்டிலேயே அதே மருந்து. 1959 இல் முடிவு வெளிவந்தபோது உலகம் வியந்தது. இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் வந்ததாகவும் தெரியவில்லை.

உறவுகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, நம் மொழி பேசும் ஒரு நகரத்தில், நோயாளியை ஒதுக்கத் தேவையில்லை என்று நிரூபித்துவிட்டார்கள். மருந்து எடுக்கத் தொடங்கி இரண்டு கிழமை அளவில் பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் கிருமி பரவுவது காற்றால். இருமும்போதும் பலமாகப் பேசும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகளால். கோப்பையால் அல்ல, கோப்பையைத் தொட்டதால் அல்ல, ஒரு பாயில் இருந்ததால் அல்ல.

2003: மூன்று செய்திகள்

புகைக்கும் காசத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் பழையதுதான். சேத்துப்பட்டு நிலையம் தொடங்கிய அதே 1956 இல், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்தில் லோ என்ற மருத்துவர் காசநோயாளரின் புகைப் பழக்கத்தை மற்றவர்களோடு ஒப்பிட்டார். நோயாளரிடையே புகைக்காதவர்கள் குறைவாக இருந்தார்கள். ஆனால் இந்தத் தடயத்தைப் பலர் பின்தொடரவில்லை. அங்கே காசம் குறைந்துகொண்டு வந்தது, எல்லோருடைய கவனமும் நுரையீரல் புற்றுநோயின் பக்கம் திரும்பிவிட்டது.

அரை நூற்றாண்டு கழித்து விடை மீண்டும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. டொக்டர் கஜலட்சுமி தலைமையிலான குழு சென்னை நகரத்திலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய், அவர் புகைத்தவரா, எவ்வளவு புகைத்தார் என்று விசாரித்தது. உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டது. 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. புகைத்த ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையும் காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். மேல்நாட்டில் புகை என்றால் புற்றுநோய் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் பக்கத்தில் அது காசத்தின் கையாலும் கொன்றுகொண்டிருந்தது. நகரத்துச் சிகரட் மட்டுமல்ல, கிராமத்துப் பீடியும்தான். "பீடி இலைதானே, சிகரட் போலக் கெடுதியில்லை" என்று சொல்பவர்களுக்கு விழுப்புரம் பதில் சொல்லிவிட்டது.

அதே 2003 இல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தியது, தெற்காசியாவில் முதல் நாடாக. மறுபக்கம், சீனாவில் ஹொன் லிக் என்ற மருந்தாளர் மின்கலத்தில் இயங்கும் புதுவகைச் சிகரட் ஒன்றை உருவாக்கினார். தீங்கு நிரூபணமானது, சட்டத்தின் கதவு திறந்தது, அடுத்த தலைமுறைக்கான புகையும் பிறந்தது. மூன்றும் ஒரே ஆண்டில். வன்னியில் நாம் அப்போது A9 பாதை திறந்த ஆறுதலில் இருந்தோம். இவை ஒன்றும் நம் காதுக்கு வரவில்லை.

புகை உள்ளே என்ன செய்கிறது?

உலகத்தில் நான்கில் ஒருவர் அளவில் காசக் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும். அதை உறங்க வைப்பது நுரையீரலின் காவல்.

வயற்காவலை நினைத்துப் பாருங்கள். சுவாசக் குழாய்களின் உட்புறத்தில் மயிர் போன்ற நுண்ணிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளும். அது வேலி. அதைத் தாண்டிப் போகும் கிருமியை விழுங்கிப் பிடித்து வைக்கும் கலங்கள் காற்றறைகளில் இருக்கின்றன. அவை காவற்காரர். புகை வேலியை முடக்குகிறது, காவற்காரரையும் மயக்குகிறது. யானை வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நோய் வந்த பிறகும் புகைத்தால், சளியிலிருந்து கிருமி மறையக் கூடுதல் காலம் எடுக்கும். நுரையீரலில் குழிகள் விழுவது கூடும். குணமான பிறகு நோய் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். எல்லாவற்றிலும் மோசமானது நாங்கள் முதலில் சொன்னதுதான். புகைப்பவரின் இருமலுக்கு ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது. 'பீடி இருமல்' என்ற பெயருக்குள் காசம் மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும். அந்த மாதங்களில் அவரோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளுக்கும் அது போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023 இல் உலகில் ஒரு கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. அதில் ஏறக்குறைய 7 இலட்சம் பேரின் நோய்க்குப் புகைத்தல் பங்களித்தது. போதிய சாப்பாடு இல்லாமை அதைவிடப் பெரிய காரணம். அதனால் ஒருவரின் பீடியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர முடியாது.

நெருக்கமும் பசியும் இந்த நோயின் பழைய கூட்டாளிகள். அவற்றை நம் இரண்டு சமூகமும் நன்றாக அறியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் தறப்பாள் கூடாரங்களில் கிடந்தார்கள். அப்படி வாழ்ந்த நுரையீரல்கள் நம்முடையவை. எங்கே எப்போது எந்தக் காற்றைச் சுவாசித்தோம் என்று நமக்குத் தெரியாது. உறங்கும் கிருமியை எழுப்பும் வேலையை இனி நாமே செய்யக் கூடாது.

"சேர், இது புகை இல்லை, ஆவிதானே?"

அந்தத் தகப்பனைப் பார்த்துவிட்டு வந்த கிழமையிலேயே ஒரு மாணவனின் பையில் பேனை போன்ற ஒரு பொருள் அகப்பட்டது. வேப். வாயில் வைத்து இழுத்தால் பழ வாசம் வரும். அடிக்கவில்லை, ஏசவில்லை. இருத்தி வைத்துக் கேட்டோம். "இது புகை இல்லை சேர், ஆவிதானே. சாம்பலும் இல்லை, மணமும் இல்லை" என்றான். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அது தண்ணீர் ஆவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனை இரசாயனங்கள், பெரும்பாலும் நிக்கொட்டின். இவற்றை மின்கலச் சூட்டில் நுண்துளிகளாக்கி நெஞ்சுக்குள் அனுப்பும் கருவி அது. பீடியில் எரியும் தார் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் நிக்கொட்டின் இருக்கிறது. நாம் மேலே சொன்ன காவற்காரக் கலங்கள் காசக் கிருமியை அடக்கும் வலுவை நிக்கொட்டின் குறைக்கிறது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சிகரட்டின் தீங்கை மனிதரில் எண்ணிக் காட்ட உலகத்துக்கு நூற்றாண்டு எடுத்தது. வேப்புக்கு வயது இருபது சொச்சம்தான். கணக்கு இன்னும் முடியவில்லை. அந்தக் கணக்கில் எண்ணப்படும் ஆளாக உன் பிள்ளையோ என் பிள்ளையோ இருக்க வேண்டுமா?

2019 இல் அமெரிக்காவில் வேப் பிடித்த இளைஞர்கள் திடீரென்று நுரையீரல் பழுதாகி வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். 2,800 பேருக்கு மேல். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த திரவங்களில் சேர்த்த ஒருவகை எண்ணெய்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நமக்கான பாடம் இது: குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று இழுப்பவருக்குத் தெரியாது. இலங்கையில் 2016 இலேயே இலத்திரனியல் சிகரட்டுகளை வர்த்தமானி மூலம் தடை செய்துவிட்டார்கள். ஆகவே இங்கே பிள்ளையின் கைக்கு வருவது ஒளித்து விற்கும் பொருள். அதைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி எவருமில்லை.

நாம் செய்யக்கூடியவை

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிதல், சளியில் இரத்தம் இருந்தால், புகைப்பவரோ இல்லையோ, சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அரச வைத்தியசாலையில் சொன்னால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு வழிகாட்டுவார்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். கையில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது, எனக்கு வராது என்று நினைக்க வேண்டாம். அந்த ஊசி சிறு பிள்ளைகளைக் கடுமையான காசத்திலிருந்து காப்பது, பெரியவர்களுக்கு முழுக் காவல் அல்ல.

சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு வகை, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. சலம் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிபம்பிசின் மருந்தின் நிறம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறும். அப்போதுதான் கவனம் வேண்டும். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம்.

புகையை எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. தாய்வானில் நடந்த, 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், புகைத்தலை விட்டவர்கள் காசத்தால் இறக்கும் ஆபத்து தொடர்ந்து புகைத்தவர்களைவிட 65 சதவீதம் குறைந்திருந்தது. "விட ஏலாது" என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நோன்பு காலத்தில் சஹர் முதல் இப்தார் வரை பதின்மூன்று மணித்தியாலம் எப்படி இருக்கிறீர்கள்? ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களில் எப்படி இருக்கிறீர்கள்? முடியும் என்பதை உங்கள் உடம்பே ஒவ்வோர் ஆண்டும் காட்டுகிறது. நோயாளியாக இருந்து மருந்து எடுப்பவர் மட்டும் நோன்பு பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

கடை வைத்திருப்பவர்களுக்கு: 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்று பிள்ளை வந்தாலும் கொடுக்காதீர்கள். தகப்பன்மாரே, பிள்ளையை அனுப்பாதீர்கள்.

காவல் கொட்டிலில் இருப்பவர்களுக்கு: நித்திரை வந்தால் தேத்தண்ணி குடியுங்கள், சுடுதண்ணிப் போத்தலுக்கு நாங்கள் பொறுப்பு. பக்கத்தில் இருப்பவர் குளிசை எடுப்பவரென்றால் அவர் முன்னால் பற்ற வைக்காதீர்கள்.

அந்தத் தகப்பன் இப்போது மீண்டும் மருந்தில் இருக்கிறார். இந்தமுறை அவர் தினமும் குளிசை விழுங்குவதைப் பார்த்து அட்டையில் அடையாளம் போடுவது மகன்தான். பீடியை விட்டு ஐம்பது நாள் கடந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனோம். எல்லோருக்கும் ஊற்றிய அதே கோப்பைகளில் ஒன்றில் அவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்கள். நாங்கள் சேர்ந்து குடித்தோம்.

அந்தத் தேநீர்க் கடைக்காரர் இதை வாசிப்பார் என்று நம்புகிறோம். தனிக் கோப்பையை எடுத்துவிடுங்கள் அண்ணை. கண்ணாடிப் போத்தலில் இருக்கும் பீடிக் கட்டையும் அதோடு சேர்த்து எடுத்துவிட்டால் ஊரே உங்களுக்கு நன்றி சொல்லும்.